வாசகர் கேள்வி, அண்ணன் பதில்: கணு எங்க இருக்கு?

போன மாசம் ஒரு டீச்சர், பள்ளிப் பிள்ளைங்கள மலாக்காவுக்கு கூட்டிட்டுப் போறோம், அங்க டச்சுக்காரங்க கட்டுன செகப்புக் கட்டடம் 'ஸ்டாட்ஹாய்ஸ்' இருக்கே, அந்தப் பேர எப்படி வாசிக்கிறதுன்னு கேட்டிருந்தாங்க. நானும் "ஸ்டாட் தனி, ஹாய்ஸ் தனி, அழுத்தம் பின்னால"ன்னு ஒரே வரில பதில் போட்டுட்டு தேத்தண்ணி குடிக்கப் போயிட்டேன். இந்த மாசம் பைய தொறந்து பாத்தா பாதிக்கு மேல டச்சு மொழி பத்தித்தான் கேள்வி. தம்பின்ல ஒக்காந்துகிட்டு டச்சு கேள்விக்கு பதில் எழுதுவேன்னு நான் கனவுலயும் நெனைக்கல. ரோட்டர்டாம் தொறமொகத்துல எண்ணெய் டேங்கி லேப்ல ஆறு வருசம் வேல பாத்தவன் நான், பண்டிதர் எல்லாம் இல்ல, தப்பா பேசி சிரிப்பு வாங்கி சிரிப்பு வாங்கிக் கத்துக்கிட்டதுதான். சரி, வாங்க.

கேள்வி (ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளி, பகாவ்): அண்ணே, எம்மக செம்பனை எண்ணெய் கம்பெனில வேல செய்யுது, வர்ற வருசம் ரோட்டர்டாமுக்கு அனுப்புறாங்களாம். ராத்திரி ராத்திரி போன்ல டச்சு படிக்குது. ஒவ்வொரு வார்த்தையும் கூட்ஸ் வண்டி மாதிரி நீளமா வருதுப்பா, எங்க நிறுத்துறது எங்க அழுத்துறதுன்னே தெரியலன்னு பொலம்புது. எனக்கு மரம் வெட்டத்தான் தெரியும், வார்த்தைய வெட்டத் தெரியாது. ஏதாச்சும் சொல்லுங்கண்ணே.

பதில்: வெட்டத் தெரிஞ்ச ஆளுக்குத்தாங்க இது சுளுவா புரியும். கரும்ப வெட்டுறப்ப கணு பாத்துத்தானே கத்திய வைக்கிறோம், அதே கததான் இதுவும். டச்சுல ரெண்டு மூணு சொல்ல எடுத்து நடுவுல எடமே விடாம ஒட்டி ஒரே சொல்லா எழுதிருவாங்க. ஒட்டுன எடம்தான் கணு. கணு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டா, எங்க பிரிக்கிறதுங்கறதும் எங்க அழுத்துறதுங்கறதும் சேர்ந்தே கெடச்சிரும்.

ஒங்க மக அங்க போய் எறங்குன ஒடனே தேவைப்படுற சொல்லையே எடுத்துக்குவோம், ஹாய்ஸ்ஆர்ட்ஸ். ஹாய்ஸ்னா வீடு, ஆர்ட்ஸ்னா டாக்டர், சேத்தா குடும்ப டாக்டர். அந்த நாட்டுல காச்சல் தலவலின்னா நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட முடியாது, மொதல்ல இவருகிட்ட பேர பதிஞ்சு இவரு எழுதிக் குடுத்தாத்தான் அடுத்த எடம், அதனால இந்தச் சொல்ல மொதல்லயே பாடம் பண்ணச் சொல்லுங்க. இப்ப பாருங்க, டச்சுல சாதாரண சொல்லுக்கு அசை பிரிக்கிற வழக்கம் என்னன்னா, ரெண்டு உயிர் எழுத்துக்கு நடுவுல ஒத்த மெய் வந்தா அந்த மெய் அடுத்த அசையோட போயிரும், தண்ணிக்கு சொல்ற வாட்டெர் வா, ட்டெர்னு பிரியுற மாதிரி. அந்தக் கணக்க இங்க போட்டா ஹாய்-சார்ட்ஸ்னு வரும். சார்ட்ஸ்னு ஒரு டாக்டரும் கெடையாது, ஒரு எழவும் கெடையாது. கணு ஸ்-க்கு அப்புறம் இருக்கு, அதனால ஹாய்ஸ்-ஆர்ட்ஸ். ஒட்டுச் சொல்லுல மொதல்ல கணு, அதுக்குப் பெறகு ஒவ்வொரு துண்டுக்குள்ளயும்தான் சாதாரணக் கணக்கு.

அழுத்தம்? பெரும்பாலும் மொதல் துண்டுலதான். ஹாய்ஸ் ஓங்கி, கொஞ்சம் நீட்டி, ஆர்ட்ஸ் தணிஞ்சு. ரெண்டாவது துண்ட முழுங்கச் சொல்லல, அதுக்கும் ஒரு சின்ன அழுத்தம் உண்டு, பெரிய தவுலுக்குப் பக்கத்துல தாளம் மாதிரி. ஆஸ்பத்திரிக்கு ஸீக்கென்ஹாய்ஸ், ஸீக்கென்னா நோயாளிங்க, ஹாய்ஸ் மறுபடியும் வீடுதான், அழுத்தம் ஸீ மேல.

ஒரு எடத்துல எல்லாருமே சறுக்குவாங்க, நானும் சறுக்குனேன். மொதல் துண்டுலதான் அழுத்தம்னு சொன்னேனே, அத மொதல் அசைலன்னு எடுத்துக்கக் கூடாது. தக்காளிக்கு டொமாட்னு சொல்வாங்க, அதுல அழுத்தம் மா மேல. தக்காளி சூப்பு டொமாட்டென்ஸூப். இதுல மொதல் துண்டு டொமாட்டென், ஆனா அழுத்தம் டொ-வுல இல்ல, அந்தத் துண்டுக்குன்னு ஏற்கெனவே எங்க அழுத்தம் இருந்துச்சோ அங்கயே, மா மேலதான் நிக்கும். நான் ஒரு மாசமா கேன்டீன்ல டொ-வ அழுத்தி அழுத்தி சூப்பு கேட்டேன், குடுத்துட்டுத்தான் இருந்தாங்க, ஆனா பின்னால நின்னவன் எல்லாம் சிரிச்சான்.

இன்னொரு உபகாரமும் உண்டு, கணுவ காதாலயே புடிக்கலாம். ராத்திரி சாப்பாட்டுக்கு ஆவொன்ட்ஏட்டென், ஆவொன்ட் சாயங்காலம், ஏட்டென் சாப்பாடு. ஆவொன்ட்ங்கறத எழுதுறப்ப கடைசில நம்ம 'பண்டம்'ல வர்ற மெல்லிசான ட-வுக்குள்ள எழுத்தப் போடுவாங்க, சொல்றப்ப 'பட்டம்'ல வர்ற வல்லின ட் மாதிரிதான் சத்தம் வரும். சொல்லோட கடைசில வர்ற மெல்லிசு ட, ப எல்லாம் டச்சுல இப்படி வன்மையாயிரும். ஒட்டுச் சொல்லுக்கு நடுவுலயும் அதேதான் நடக்கும். எழுத்துல மெல்லிசா இருக்கு ஆனா காதுல வன்மையா விழுதுன்னா, அங்கதான் கணுன்னு வச்சுக்கச் சொல்லுங்க. நம்ம தமிழ்லயும் சொல்லு சேர்ற எடத்துல எழுத்து மாறித்தானே காட்டிக்கொடுக்குது, தே-யும் தண்ணியும் சேர்ந்தா நடுவுல ஒரு த் முளைச்சு தேத்தண்ணி ஆகலையா, அந்த மாதிரி.

நீளச் சொல்லுக்கு ஒண்ணே ஒண்ணு காட்டுறேன். நம்ம சொக்சோவுல ஒடம்பு முடியாமப் போய் வேல செய்ய முடியலன்னா காசு குடுக்குறாங்கல்ல, அந்த மாதிரி இன்சூரன்சுக்கு அங்க ஒரு சொல் இருக்கு: ஆர்பெய்ட்ஸ்ஒன்ஹெஸ்ஹிக்ட்ஹெய்ட்ஸ்ஃபெர்ஸேக்கெரிங். அவங்க எழுத்துல 33 எழுத்து. பயப்படவே வேணாம், மூணு துண்டுதான். ஆர்பெய்ட்ஸ் வேல, ஒன்ஹெஸ்ஹிக்ட்ஹெய்ட்ஸ் லாயக்கு இல்லாம போறது, ஃபெர்ஸேக்கெரிங் இன்சூரன்ஸ். மொத ரெண்டு துண்டு கடைசிலயும் ஒரு ஸ் ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, அதுக்கு அர்த்தம் கெடையாது, ஒட்டுறதுக்கு வச்ச பசை. பசை எப்பவும் முன்துண்டோடதான் சேரும், பின்துண்டோட சேக்காதீங்க. பெரிய அழுத்தம் ஆர் மேல. மூச்ச இழுத்துட்டு சொன்னா வந்துரும். ரோட்டர்டாம்ல நம்ம பிள்ளைக்கு நல்லபடியா அமையட்டும், குளிர் சட்டை நல்லதா வாங்கிக் குடுங்க.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஜாசின்): சார், போன மாசம் கேள்வி கேட்டது நான்தான். நீங்க சொன்ன மாதிரி பின்னால அழுத்தி பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்தேன். அப்புறம் யூடியூப்ல ஒரு டச்சுப் பாடம் பாத்தா, ஒட்டுச் சொல்லுன்னா மொதல் பாதிலதான் அழுத்தம்னு தெளிவா சொல்றாங்க. நீங்க தப்பா சொல்லிட்டீங்களா?

பதில்: யூடியூப்பும் சரி, நானும் சரிங்க டீச்சர், அந்தக் கட்டடம்தான் அடங்காப்பிடாரி.

ஸ்டாட் நகரம், ஹாய்ஸ் வீடு, நகர நிர்வாகம் நடக்குற வீடு. இன்னைக்கும் நெதர்லாந்துல ஊருக்கு ஊரு ஸ்டாட்ஹாய்ஸ் இருக்கு, கல்யாணப் பதிவு, பாஸ்போர்ட் எல்லாம் அங்கதான். வழக்கப்படி பாத்தா ஸ்டாட் மேல அழுத்தம் விழணும், ஆனா டச்சுக்காரங்க எல்லாரும் ஹாய்ஸ் மேலதான் அழுத்துவாங்க. இதே அர்த்தத்துல ராட்ஹாய்ஸ்னு இன்னொரு சொல் இருக்கு, அதுல ஒழுங்கு மரியாதையா மொதல் துண்டு ராட் மேல அழுத்தம். ஒரே வேலைக்கு ரெண்டு சொல், ரெண்டும் ஹாய்ஸ்ல முடியுது, ஒண்ணு முன்ன ஒண்ணு பின்ன. இத எல்லாம் மனப்பாடம்தான் பண்ணணும்.

இந்த அடங்காத கூட்டம் சின்னது, ஆனா இருக்கு. மேயருக்கு சொல்ற பூர்ஹெமேஸ்டெர், மே மேல அழுத்தம். பூரென்கோல்னு ஒரு கீரை, சுருள் சுருளா இருக்கும், குளிர் காலத்துல உருளக்கிழங்கோட சேத்து மசிச்சு மேல ஒரு சாசேஜ் வச்சு குடுப்பாங்க (நம்ம கீரை மசியலுக்கு தூரத்துச் சொந்தம், வெங்காயம் தாளிச்சுக் கொட்டுனா சரியா இருக்கும்னு நான் சொல்லிப் பாத்தேன், யாரும் கேக்கல), அதுல கோல் மேல அழுத்தம். ஊர் பேருலயும் இப்படி உண்டு, ஆம்ஸ்டெல் ஆத்துல கட்டுன அணை ஆம்ஸ்டெர்டாம், ரோட்டெ ஆத்துல கட்டுன அணை ரோட்டர்டாம், ரெண்டுலயும் கடைசி டாம் மேலதான் அழுத்தம். நம்ம ஆளுங்க பந்து மேட்ச் பாக்குறப்ப ஆம்-ஐ ஓங்கித்தான் சொல்றாங்க, சொல்லட்டும், கோல் விழாம போகப் போறதில்ல.

மலாக்கா விசயத்துக்கு வர்றேன். டச்சுக்காரங்க போர்த்துகீசியர்கிட்ட இருந்து மலாக்காவப் புடிச்சது 1641-ல, அந்தக் கட்டடம் வந்தது கிட்டத்தட்ட 1650 வாக்குல, அவங்க கவர்னரும் ஆபீசரும் இருந்த எடம். பக்கத்துல இருக்குற கிறைஸ்ட் சர்ச் 1753. 1824-ல பிரிட்டிஷ்காரனோட ஒப்பந்தம் போட்டு மலாக்காவ ஒரேயடியா விட்டுட்டுப் போயிட்டாங்க. பலகைல இருக்குற எழுத்து அந்தக் காலத்து எழுத்து, இப்ப டச்சுக்காரங்க அப்படி எழுதுறதில்ல. ஸ்டாட் முடியிற எடத்துல ரெண்டு மெய்யப் போட்டு எழுதுற பழைய பழக்கம், அதுக்கு அடுத்தாப்புல ஹாய்ஸோட ஹ வந்து நிக்குது. இங்கிலீஷ் படிச்ச கண்ணுக்கு அந்த ட்-டும் ஹ-வும் சேந்து 'தி'ன்னு தெரியுது, அதான் கைடுங்க எல்லாம் ஸ்டட்தைஸ், ஸ்டாடுஸ்னு ஆளுக்கு ஒண்ணா சொல்றாங்க. ட் நகரத்துக்குச் சொந்தம், ஹ வீட்டுக்குச் சொந்தம், நடுவுல சுவர் இருக்குன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க, டக்குன்னு புடிச்சுக்குவாங்க. ஹாய்ஸ்ல வர்ற அந்த 'ஆய்' மட்டும் நம்ம வாய்க்கு சரியா வராது, ஆய்-ன்னு சொல்லிக்கிட்டே உதட்ட விசில் அடிக்கிற மாதிரி குவிச்சா ஓரளவுக்கு வரும், நாப்பது பிள்ளைங்க ஒரே நேரத்துல செஞ்சா வகுப்பு என்ன ஆகும்னு நீங்க யோசிச்சுக்குங்க.

கேள்வி (பேர் போட வேணாம்னு சொன்ன வாசகி, கெமாஸ்): தம்பி, எங்க எஸ்டேட் லயத்துக்குப் பின்னால வரிசையா கட்டி விட்டிருப்பாங்க, நாங்க எல்லாம் கக்கூஸுன்னுதான் சொல்வோம். இப்ப பேத்தி 'பாட்டி அது அசிங்கம், டாய்லெட்னு சொல்லுங்க'ன்னு அடக்குது. இது டச்சு சொல்லுன்னு கோயில்ல ஒருத்தர் சொன்னாரு, நெசமாவா? இதக் கேக்க வெக்கமா இருக்கு.

பதில்: வெக்கப்படாதீங்கம்மா, இந்த மாசம் வந்ததுலயே நல்ல கேள்வி இதுதான். நெசம். காக் மலம், ஹாய்ஸ் வீடு, காக்ஹாய்ஸ். மேல டீச்சருக்கு சொன்ன ஸ்டாட்ஹாய்ஸ்ல இருக்குற அதே வீடுதான், குடியிருக்குறது வேற. இதுல அழுத்தம் ஒழுங்கா மொதல் துண்டுல விழும்.

மலாக்கா டச்சுக்காரன்கிட்ட இருந்து நம்ம ஆளுங்க இதக் கத்துக்கிட்டாங்கன்னு நெனச்சுராதீங்க. நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் 1658-ல டச்சுக்காரங்க கைக்குப் போச்சு, அதுக்கு முன்னாலயே பழவேற்காட்டுல கோட்டை கட்டி ஒக்காந்திருந்தாங்க. அந்தப் பக்கத்துத் தமிழுக்குள்ள சொல் நொழஞ்சு, கக்கூசுன்னு அகராதிலயும் ஏறி, அப்புறம் கங்காணி கூட்டிட்டு வந்த சனத்தோட கப்பல் ஏறி இங்க வந்து எறங்கியிருக்கு. வந்து பாத்தா இங்க மலாய்க்காரங்களும் காக்குஸ்னு ஒரு சொல் வச்சிருக்காங்க, அதுவும் அதே டச்சுச் சொல்தான், வேற வழியா வந்தது. ஒரே அப்பனுக்குப் பொறந்த ரெண்டு பிள்ளைங்க தெரியாம பக்கத்து பக்கத்து வீட்டுல குடியிருந்த மாதிரி.

நான் ரசிக்கிறது எதன்னா, கணு எப்படி காணாமப் போச்சுங்கறததான். டச்சுக்காரன் காதுல காக் | ஹாய்ஸ், நடுவுல ஹ ஒரு சின்ன காத்து விட்டு ரெண்டையும் பிரிச்சுக் காட்டும். நம்ம வாய்க்கு ஹ ஆகாது, அது போன ஒடனே க் வந்து அடுத்த துண்டோட ஒட்டிக்கிச்சு, கக்-கூ-சு. மூணு அசையாச்சு, வீடும் இல்ல ஒண்ணும் இல்ல, முழுசா தமிழ்ச்சொல். ஒட்டுன எடம் தெரியாதவன் வாய்க்கு சொல்லு போச்சுன்னா அவன் தன் இஷ்டத்துக்குத்தான் அறுப்பான். துப்பாக்கிக்கு மலாய்ல செனாப்பாங், அது டச்சு ஸ்னாப்ஹான், ஸ்னாப் தனி ஹான் தனி, ஹான்னா சேவல், துப்பாக்கில அடிக்கிற அந்த கொக்கிக்கு சேவல்னு பேரு. இப்ப செ-னா-பாங்-ல சேவல் எங்க இருக்கு சொல்லுங்க, கழுத்த அறுத்தாச்சு.

தோட்டத்துல வேல செய்யிற இந்தோனேசியாக்காரங்ககிட்ட பேச்சுக் குடுத்துப் பாருங்க, இன்னும் நெறைய கெடைக்கும். துண்டுக்கு நாம மலாய்ல துவாலா சொல்வோம், அவங்க ஹாண்டுக், டச்சு ஹாண்ட் (கை) கூட டூக் (துணி). மோட்டார் சைக்கிள் எக்சாஸ்ட்டுக்கு க்னால்போட், க்னால்னா வெடிச்சத்தம், போட்னா பானை, வெடிப்பானை! இதவிடப் பொருத்தமா யாராலயும் பேர் வைக்க முடியாது, எங்க தெருவுல ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போற பையங்களக் கேட்டா தெரியும்.

பேத்திகிட்ட சொல்லுங்க, டாய்லெட் இங்கிலீஷ், கக்கூஸ் டச்சு, ரெண்டும் எறக்குமதிதான், பாட்டியோடது பழைய சரக்கு.

கேள்வி (ஆறாம் பாரம் மாணவன், சிகாமட்): அங்கிள், ஒரே டச்சு வார்த்தைய ரெண்டு மாதிரி பிரிச்சா ரெண்டு அர்த்தம் வருமாமே? தமிழ்ல அப்படி இருக்கா?

பதில்: இருக்குப்பா, ரெண்டுலயும் இருக்கு. டச்சுக் கதைய மொதல்ல சொல்றேன், ஏன்னா மானம் போனது அதுலதான்.

நான் போன மொத வருசம் டிசம்பர்ல ஒரு சூப்பர்மார்க்கெட்டுல ஒரு பலகை, கெர்ஸ்டோமாச்செஸ், அரை விலைன்னு போட்டிருக்கு. எனக்கு அப்ப கெர்ஸ்ட்னா கிறிஸ்மஸ்னு தெரியும், ஓமான்னா பாட்டின்னு தெரியும், கடைசில ச்செஸ் வந்தா செல்லமா சின்னதா சொல்றதுன்னும் தெரியும். சேத்துப் பாத்தா கிறிஸ்மஸ் பாட்டிங்க அரை விலை! ஏதோ சாக்லேட் பொம்மை போல, ஊருல பிள்ளைங்களுக்கு அனுப்பலாம்னு அங்க நின்ன பொண்ணுகிட்ட பாட்டிங்க எங்க இருக்குன்னு கேட்டேன். அது என்னையே கொஞ்ச நேரம் பாத்துட்டு கூட்டிட்டுப் போய் காட்டுச்சு, குட்டித் தக்காளி. கெர்ஸ் செர்ரிப் பழம், டொமாச்செஸ் குட்டித் தக்காளி. நான் ட்-ட இடது பக்கம் தள்ளிட்டேன், அது வலது பக்கத்து ஆளு. பெரிய அழுத்தம் ரெண்டுலயும் மொதல்லதான் இருக்கும், அதனால அது ஒதவாது, சின்ன அழுத்தத்த கவனிக்கணும், தக்காளின்னா மா மேல விழும், பாட்டின்னா ஓ மேல விழும். பலகைல அது எங்க தெரியப் போவுது.

க்வார்ட்ஸ்லாஹென் இன்னும் மோசம். க்வார்ட்-ஸ்லாஹென்னு பிரிச்சா கால் சுத்து, திருப்புளிய கால் கால் சுத்தா திருப்புறது. க்வார்ட்ஸ்-லாஹென்னு பிரிச்சா பாறைல இருக்குற குவார்ட்ஸ் அடுக்கு. ஒரே ஒரு ஸ் எந்த வீட்டுக்குப் போகுதுங்கறதுதான் வழக்கு. இன்னொண்ணு மசாஜ் பண்ற கட்டிலுக்கு எழுதுற சொல்லு, அதே எழுத்த வேற எடத்துல பிரிச்சா மாஸா-ஹெபெட், கூட்டுப் பிரார்த்தனை. மசாஜ்ல அழுத்தம் நடுவுல, பிரார்த்தனைல மொத அசைல, ஆகவே வாயால சொன்னா கொழப்பம் வராது, எழுதிப் போட்டாத்தான் ஆளு தப்பான எடத்துக்கு வருவாங்க.

தமிழ்ல இதே சமாச்சாரத்த தொல்காப்பியமே சொல்லிருச்சு. எழுத்து ஒரே மாதிரி இருந்தாலும் பொருள் தெரிஞ்சு பிரிக்கிற எடத்துல ஓசையால வேறுபடும்னு எழுத்ததிகாரத்துல வருது. உரைக்காரங்க குடுக்குற உதாரணம் செம்பொன்பதின்றொடி. செம்பொன் பதின்தொடின்னா பத்து தொடி தங்கம், செம்பு ஒன்பதின்தொடின்னா ஒம்பது தொடி செம்பு. நகைக்கடைல இந்தச் சந்தேகம் வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு. இன்னொண்ணு குன்றேறாமா, குன்று ஏறு ஆமான்னா மலை ஏறுற காட்டுப்பசு, குன்று ஏறா மான்னா மலை ஏறாத விலங்கு, நேர் எதிர் அர்த்தம். ஆனா ஒரு வித்தியாசம் உண்டு தம்பி, நமக்கு எங்க நிறுத்துறோம்ங்கறதுதான் காட்டிக்கொடுக்கும், ஒரு அசைய ஓங்கிச் சொன்னதால மட்டும் சொல்லோட அர்த்தம் மாறுறது தமிழ்ல இல்ல. அதனாலதான் நாம டச்சு பேசுறப்ப எல்லா அசையும் ஒரே மட்டத்துக்கு ரோட் ரோலர் போட்ட சடக்கு மாதிரி வருது. அவங்களுக்கு அந்த மேடு பள்ளம்தான் வழிகாட்டி, நம்மகிட்ட அது இல்லாம திணறுவாங்க.

பரீட்சைக்குக் கேட்டா ஆங்ஸ்ட்ஸ்ஹ்ரேவ் எழுதிக் காட்டு. பயத்துல கத்துறது. அவங்க எழுத்துல நடுவுல எட்டு மெய் எழுத்து வரிசையா நிக்கும், உயிரே கெடையாது. இருந்தும் ரெண்டே அசைதான், ஆங்ஸ்ட் பயம், ஸ்ஹ்ரேவ் கத்தல். சொல்லிப் பாத்தா கத்தத்தான் தோணும்.

கேள்வி (ஒரு அம்மா, ரெம்பாவ்): எங்க மாப்பிள்ள டச்சுக்காரரு, தங்கமானவரு, தமிழ் கத்துக்கிறாரு, நானும் பதிலுக்கு கொஞ்சம் டச்சு கத்துக்கலாம்னு பாக்குறேன். ஒரே வார்த்தைய ஒரு நாளு ஒரு மாதிரியும் இன்னொரு நாளு வேற மாதிரியும் சொல்றாரு. கேட்டா 'அத்த, அது வேற இது வேற'ன்றாரு. என்னங்க இது?

பதில்: வோர்கோமென்னு ஏதாச்சும் சொன்னாராம்மா? பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும். வோர்-ஐ அழுத்துனா 'நடக்குறது, ஏற்படுறது'. கோ-வ அழுத்துனா 'வராமத் தடுக்குறது'. டெங்கிக் காச்சல் நம்ம பக்கம் அடிக்கடி ஏற்படுதுன்னு சொல்றதுக்கும் டெங்கிய தடுக்குறோம்னு சொல்றதுக்கும் ஒரே சொல், அழுத்தம்தான் வேற. மாப்பிள்ள சொல்றது சரி.

இதப் புடிக்க ஒரு வழி இருக்கு. முன்துண்டுல அழுத்தம் இருந்தா அந்தத் துண்டு கழண்டு ஓடிரும், 'ஹெட் கொம்ட் வோர்'னு வோர் வாக்கியத்துக் கடைசில போய் நிக்கும். அழுத்தம் பின்னால இருந்தா கழறாது, 'இக் வோர்கொம்'னு ஒட்டியே இருக்கும். அழுத்தம் வாங்குன துண்டுக்கு துணிச்சல் வந்து வீட்ட விட்டுக் கெளம்பிருதுன்னு வச்சுக்குங்க. ஓவெர்ட்ரெய்வென்னும் இப்படித்தான், ஓ-வ அழுத்துனா மேகம், மழை கடந்து போறது, ட்ரெய்-ய அழுத்துனா இல்லாததக் கூட்டிச் சொல்றது. ஒன்டெர்ஹான், ஒன்-ன அழுத்துனா சூரியன் மறையிறது, ஹான்-ன அழுத்துனா ஆபரேசன் மாதிரி ஒண்ண அனுபவிக்கிறது. எழுத்துல கொழப்பம் வரும்னு தோணுனா அவங்களே அழுத்தம் விழுற எழுத்து மேல ஒரு சின்னக் கோடு இழுத்து எழுதுவாங்க, மாப்பிள்ளைய வாட்ஸ்அப்ல அப்படிக் கோடு போட்டு அனுப்பச் சொல்லுங்க. அவர நீங்க ஓவெர்ட்ரெய்வென்னு சொல்லிட்டா மட்டும் எத அழுத்துனீங்கன்னு ஒரு தடவ யோசிச்சுக்குங்க.

கேள்வி (அச்சகம் வச்சிருப்பவர், தம்பின் பசார்): அண்ணே, ஒரு கல்யாணப் பத்திரிக்கைய டச்சுலயும் அடிக்கச் சொல்லிருக்காங்க. வரி முடியிற எடத்துல கம்ப்யூட்டர் வார்த்தைய கண்டமேனிக்கு வெட்டுது.

பதில்: மொழிய இங்கிலீஷ்ல வச்சிருப்பீங்க, டச்சுக்கு மாத்துங்க, பாதி சரியாகும். அதுக்கப்புறமும் ஒட்டுச் சொல்ல கணுவுலயே வெட்டுறது உத்தமம், இல்லன்னா மேல நான் பாட்டிய வாங்கப் போன கத ஆயிரும். உயிர் மேல ரெண்டு புள்ளி வச்ச எழுத்து வரும், அந்தப் புள்ளி புது அசை தொடங்குதுன்னு காட்டத்தான், அந்த எடத்துலயே வரிய ஒடச்சு கோடு போட்டீங்கன்னா புள்ளிய எடுத்துரணும், கோடே அந்த வேலையப் பாத்துரும். ஒட்டுச் சொல்லுல ரெண்டு உயிர் மோதுற எடத்துக்கு 1995 எழுத்துச் சீர்திருத்தத்துல இருந்து புள்ளி கெடையாது, சிறு கோடுதான், கடல்வாத்துக்கு ஸே-ஏன்ட் மாதிரி, பழைய புத்தகம் பாத்து புள்ளி வச்சுராதீங்க. நம்ம தமிழ்ல வரி தொடக்கத்துல மெய்யெழுத்து வராம பாத்துக்கிட்டா போதும், ஒங்க கடைல அதுவே சில நேரம் வந்துருது, கோச்சுக்காதீங்க. பொண்ணு வீட்ட ஒரு தடவ படிக்கச் சொல்லிட்டு அடிங்க.

கேள்வி (லாரி ஓட்டுநர், லாபிஸ்): துட்டு, மலாய்ல டுயிட், ரெண்டும் டச்சாமே?

பதில்: ஆமா தம்பி, டச்சுக்காரன் காலத்து சின்ன செப்புக் காசு. இதுல கணு எல்லாம் தேடாதீங்க, ஒட்டுச் சொல் இல்ல, அவங்க வாயில ஒரே அசை. மலாய்ல அத டு-இட்னு ரெண்டா ஒடச்சு வச்சிருக்காங்க, என் கைக்கு வந்தா மூணா நாலா ஒடஞ்சுதான் போகுது.